இன்றைக்கு நான்கு படி

காலையில் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் தெரிந்தது. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த மணல் முதல் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். அடுப்பில் பால் இருந்ததை மறந்து, செருப்பைக்கூட மாட்டாமல் படித்துறைக்கு ஓடினேன். வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டது! நுரையும் வைக்கோலும் மிதக்க, கலங்கலாக, தன் பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கீழேயிருந்து எண்ணினேன். நான்கு படி முங்கியிருந்தது.

கை தானாகப் போனை எடுத்துப் படம் பிடித்தது. தானாகவே உன் பெயரையும் தேடிப் போனது. அனுப்பப் போகும் நொடியில்தான் நீ இல்லை என்பது உறைத்தது. அப்படியே ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. என் கணவர் துணியால் துடைத்துக்கொண்டே, "தண்ணி வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்கும் உன்னால் படிப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

படத்தை உனக்கு அனுப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நம் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? கொரோனாவுக்குப் பிறகு நம் கட்டுமான நிறுவனம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. திட்டமிடும் பிரிவில் இருக்கிற எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் தஞ்சாவூர் அலுவலகம். உன்னைப் போல சைட்டில் இருக்கிறவர்களுக்கு வாரம் முழுக்க வெயில்தான். நான் பூதலூர்ப் பக்கம் ஆற்றங்கரை வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எந்த நாளில் எந்த வேலை என்று அட்டவணை போடுவேன். நீ கீழ்வேளூர்ப் பக்கம் உன் சொந்த ஊருக்கே சைட் இன்சார்ஜாக வந்து, கிளை வாய்க்காலின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தாய். பழைய பாலம் அவ்வளவு குறுகல். அறுவடை மிஷின் அதில் ஏறாது, பள்ளிக்கூட பஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். முதல் போனிலேயே கேட்டாய்.

"ஃபேனுக்குக் கீழ உக்காந்து தேதி போட்டுட்டீங்க மேடம். செவ்வாக்கிழமை இங்க கம்பி கட்ற ஆள் வரமாட்டாங்கன்னு அந்த லேப்டாப்புக்குத் தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னைவிட எட்டு வயது சின்னவள், டிப்ளமோ படித்தவள், இவள் எனக்குச் சொல்வதா என்று. இரண்டு நாள் போனை எடுக்காமல் வீம்பு பிடித்தேன். மூன்றாவது நாள் அட்டவணையைத் திருத்தி அனுப்பினேன். நீ ஒரு வெள்ளரிப்பிஞ்சுப் படத்தை அனுப்பி, "சமாதானம்க்கா" என்று எழுதியிருந்தாய். மேடம் அக்காவானது அன்றைக்குத்தான்.

அடுத்து என் பெரிய கோளாறு. இதைச் சொல்லாமல் மற்றது புரியாது, அதனால் மானத்தை விட்டுச் சொல்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் மேற்கே எங்கோ கோடை மழை கொட்டி, காய்ந்து கிடந்த வெண்ணாற்றில் திடீரென்று தண்ணீர் ஓடியது. நான் ஆற்றின் தலைமாட்டில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். காலையில் திறந்தால் மத்தியானம் வயலில் நிற்கும். அலறிக்கொண்டு நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் போட்டேன்: தண்ணீர் வருகிறது, எல்லாரையும் உடனே குழியிலிருந்து மேலே ஏற்றுங்கள். என் எச்சரிக்கையை நம்பி உன் ஆட்கள் மோட்டார், கம்பி, பலகை எல்லாவற்றையும் கரையில் ஏற்றினார்கள். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்று நாள் கரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். நான்காம் நாள் நீ போன் செய்தாய். சிரிப்பில் உனக்குப் பேச்சே வரவில்லை.

"அக்கா, அந்தத் தண்ணி தஞ்சாவூரே தாண்டியிருக்காதுக்கா. வர்ற வழியில மணலே குடிச்சிருக்கும். எங்களுக்குத் தண்ணி ஓடி வராது, நடந்துதான் வரும். அதுவும் எல்லா ஊர்லயும் உக்காந்து உக்காந்து."

கடைமடையில் பிறந்தவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிகிற விஷயம், பதினெட்டு வருஷம் கட்டுமானத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. தலைமாட்டுக்காரி செய்கிற தப்பு அது, வேறு யாரும் செய்யமாட்டார்கள். அலுவலகத்தில் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். காபி வரத் தாமதமானால், "மேடம், காபி கிளம்பிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நீயும் ஓட்டினாய். ஆனால் நீ மட்டும்தான் அதோடு ஒரு வழியும் சொன்னாய்.

"இனிமே தண்ணி வருதுன்னு சொல்லாதீங்க. எத்தனை படின்னு சொல்லுங்க. ஒரு படி, ரெண்டு படின்னா அது மணலுக்கு. மூணைத் தாண்டினா எங்களுக்கு."

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கம். தினமும் காலையில் நான் படித்துறைக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்புவேன். சித்திரை முழுக்க வெறும் மணலும் ஆடுகளும்தான் அதில் இருந்தன. நீ பதிலுக்கு உன் அடித்தளக் குழியின் படத்தை அனுப்புவாய். நேரில் பார்த்தது மொத்தமே நான்கு தடவைதான் என்றாலும், தினமும் உன்னோடு விழித்தேன் என்று சொல்லலாம்.

இனி அந்த நான்கு நாள். எழுதும்போதே கை பரபரக்கிறது!

அந்த வருஷம் மலைநாட்டில் மழை முந்திக்கொண்டது. மேட்டூர் மளமளவென்று ஏறி, வழக்கத்துக்கு முன்னதாகவே அணையைத் திறந்துவிட்டார்கள். ஊரெல்லாம் கொண்டாட்டம், நாம் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் குழியில் கம்பி கட்டி முடிந்திருந்தது, கான்கிரீட் போடவில்லை. அந்த நிலையில் தண்ணீர் வந்தால் கம்பி மொத்தமும் சேற்றில் புதையும். பாலம் இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

குழியைக் காக்க வாய்க்காலின் குறுக்கே மண்ணால் அணை போட்டிருந்தாய். அதை அப்படியே விட்டுவைத்தால் குழி பிழைக்கும். ஆனால் அணைக்குக் கிழக்கே இருக்கிற வயல்களுக்கு ஒரு சொட்டு போகாது. அங்கே நாற்றங்கால் விட்டுவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். கடைசி மடை உங்களுடையது. அணை போட்ட அன்றே ஊர்க்காரர்கள் முன்னால் நீ வாக்குக் கொடுத்திருந்தாய்: "தண்ணி வர்ற அன்னிக்கு நானே வெட்டி விடுவேன்." வேலை பார்க்கிற இடத்தில் இப்படியா வாக்குக் கொடுப்பாய் என்று கத்தினேன். "எங்க அப்பாகிட்ட வேற எப்படிக்கா பேசுறது?" என்றாய்.

திங்கட்கிழமை காலை காணொளிக் கூட்டம். தஞ்சாவூரிலிருந்து நம் மேலாளர், சென்னையிலிருந்து வடிவமைப்பாளர், சைட்டிலிருந்து நீ, வீட்டிலிருந்து நான். மேலாளர் நிம்மதியாக இருந்தார். ஆறுகளுக்கு முறை வைத்து விடும்போது முதல் தண்ணீர் காவிரிக்குத்தான், வெண்ணாற்றுக்கு அடுத்த வாரம்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பத்து நாள் இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம் என்றார்.

நான் அன்று படித்துறைக்குப் போயிருந்தேன். நான்கு படி முங்கியிருந்தது. படத்தை எடுத்துவிட்டேன். ஆனால், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அனுப்பவில்லை. பங்குனி மாதத்து அசிங்கம் இன்னும் உடம்பில் ஒட்டியிருந்தது. மேலாளர் சொன்ன பிறகு நான் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். கூட்டம் முடியப் போகிற நேரத்தில் நீதான் கேட்டாய்.

"அக்கா, இன்னிக்குப் படம் வரலையே. எத்தனை படி?"

"நாலு" என்றேன்.

யாரோ மைக்கை அணைக்காமல் சிரித்தார்கள். மேலாளர் பொறுமையாக, "மேடம், பங்குனியிலயும் இதான் சொன்னீங்க" என்றார். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. லேப்டாப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனிலிருந்து இணைப்பைக் கொடுத்து, கொல்லை வழியாக ஆற்றுக்கு நடந்தேன். வழியில் எங்கள் நாய் வேறு கூடவே குரைத்துக்கொண்டு வந்தது. படித்துறையில் நின்று கேமராவைத் திருப்பினேன். கரைக்குக் கரை தண்ணீர். நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

"அது வெண்ணாறுதானா?" என்றார் மேலாளர்.

"வேற எந்த ஆத்தை சார் நான் வீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன்?"

அதற்குள் உன் குரல் வந்தது, கணக்குப் போடுகிற குரல். "நாலு படின்னா மணல் குடிச்சது போக வரும். இங்க வந்து சேர நாலாம் நாள் மத்தியானம் ஆகும் சார். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம். அதுக்குள்ள முடிச்சுடலாம். இப்பவே ஆரம்பிச்சா முடியும்." மேலாளர் கேமராவை இன்னொரு முறை தண்ணீருக்குக் கிட்டே காட்டச் சொன்னார். பிறகு, "ஆரம்பிங்க. என்ன வேணுமோ இவங்ககிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டினார். பங்குனியிலிருந்து குனிந்திருந்த என் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

பிறகு நடந்தது திருவிழா. நம் இரண்டு பேருக்கும் நடுவே அத்தனை தூரம் இருந்தது என்றே தோன்றவில்லை. காவிரிக்கரைக் குத்தாலத்தில் நம் இன்னொரு சைட் இருந்தது. அங்கிருந்து கான்கிரீட் பம்பையும் ஒரு கொத்தனார் குழுவையும் பேசிப் பிடுங்கினேன். அந்த சைட் பொறியாளர் முதலில் முறைத்தார். தண்ணீர் கிளம்பிவிட்டது என்றதும், "எங்க ஊர்ல இதுக்கு மறுபேச்சு கிடையாதுங்க" என்று அவரே லாரி ஏற்பாடு செய்தார். வரைபடத்தில் ஒரு சின்ன மாற்றத்துக்கு வடிவமைப்பாளரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. என் சமையல் மேடையில் லேப்டாப், பக்கத்தில் குக்கர். அவர் கம்பியின் கனத்தைச் சொல்லும் போதெல்லாம் குக்கர் விசில் அடித்தது. மூன்று முறை திருப்பிக் கேட்டேன். "முதல்ல அதை இறக்கி வைங்க மேடம்" என்று சென்னையிலிருந்து கெஞ்சினார்.

செவ்வாய்க்கிழமை அடித்தளத்துக்குக் கான்கிரீட். கம்பி கட்டுகிற ஆட்கள் செவ்வாய்க்கிழமை வரமாட்டார்கள் என்று என்னிடம் சண்டை போட்டாயே, அவர்கள் அன்று வந்தார்கள்! யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்து நின்றார்களாம். புதன்கிழமை நடுத்தூண். அதை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டால் போதும், மீதி வேலையைக் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு லாரியையும் போனில் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு லாரி திருவாரூரில் கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவரிடம், "மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, வயலுக்குத் தண்ணி வருதுன்னு" என்றேன். ஊர்வலம் ஒதுங்கி வழிவிட்டதாக அவர் சத்தியம் செய்தார். பொய்யாகவே இருக்கட்டும், எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த அமளிக்கு நடுவே நீ உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதன் சாயங்காலம்தான் சொன்னாய். அவர் மண்வெட்டியோடு வந்து அணைமேல் உட்கார்ந்திருக்கிறார், மகளோடு பேசவில்லை.

"நாளைக்குக் காலைல நீ வெட்டலன்னா நான் வெட்டிடுவேன்னு உக்காந்திருக்காருக்கா. அவர் மேல கோவமே வரலை. அவர் நாத்து அவர் கண்ணு முன்னாடி காயுது."

"பயமா இருக்கா?"

"பயமா? எனக்கு நாளைக்கு எப்ப வரும்னு இருக்குக்கா!"

அதுதான் நீ.

வியாழக்கிழமை காலையில் தூணைச் சுற்றியிருந்த பலகையைப் பிரித்தீர்கள். பத்தரை மணிக்கெல்லாம் குழியில் ஒரு ஆள், ஒரு சட்டி பாக்கி இல்லை. பிறகு எனக்குக் காணொளியில் கூப்பிட்டாய். போனை யார் கையிலோ கொடுத்துவிட்டு நேராக உன் அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாய். அவர் மண்வெட்டியைக் கொடுத்தார். ஊரே பார்க்க, முதல் வெட்டு நீ வெட்டினாய். இரண்டாவதை அவர் வாங்கி வெட்டினார். பிறகு மண் வாரும் மிஷின் இறங்கியது. தண்ணீர் வருவதற்கு முன்பே அணை இருந்த இடம் தெரியாமல் போனது.

அப்புறம் காத்திருப்பு. பன்னிரண்டு. பன்னிரண்டரை. நான் பூதலூரில் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பிசையாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வராமல் போய்விட்டால்? மறுபடியும் மணல் குடித்துவிட்டால்? ஒரு மணி ஆகியும் காய்ந்த வாய்க்கால்தான். மேலாளர் வேறு, "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன் முகத்தில் மட்டும் பதற்றம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வாய் எடுத்தாய். மேற்கே யாரோ கத்தினார்கள்.

டப்பாவைப் போட்டுவிட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். படம் குலுங்கியது, வானம் தெரிந்தது, உன் பாதம் தெரிந்தது, பிறகு தண்ணீர் தெரிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பிவிட்டு அடுத்ததற்கு வந்தது. நீ சொன்னதுபோல நடந்துதான் வந்தது. நம் தூணை இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனது. நீ போனைத் தண்ணீருக்குக் கிட்டே பிடித்து, "அக்கா, உங்க தண்ணிக்கா! உங்க படியில பாத்த தண்ணி!" என்று கத்தினாய். நான் இங்கே சோற்றுக் கையோடு எழுந்து நின்று அழுதேன். சிரித்தேனா அழுதேனா என்று என் கணவரைத்தான் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஒரு தடவையாவது தண்ணி வர்றப்ப நேர்ல வாங்கக்கா. போன்ல வாசனை வராது."

வருகிறேன் என்றேன். அடுத்த வருஷம் தண்ணீர் வந்த வாரம் தணிக்கை, அட்டவணை என்று எதையோ சொன்னேன். பாலத் திறப்புக்கு மாசியில் வந்தேன், வாய்க்கால் காய்ந்திருந்தது. "இது கணக்குல சேராது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எல்லா வேலையையும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம் என்று பழகிவிட்ட புத்தி, இதையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டது. போன தையில் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நான் சென்னையில் பயிற்சி வகுப்பில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்காக என்மேல் எனக்குக் கோபம் உண்டு, அது ஆறவில்லை, ஆற வேண்டாம்.

அந்த வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? நெருக்கடிக் கால மேலாண்மை என்று பெரிய தலைப்புப் போட்டு, நம் படித்துறைப் படத்தைத் திரையில் காட்டினார் மேலாளர். இப்போது நம் ஆற்றோர வேலைகள் எல்லாவற்றுக்கும் அது விதி. எந்த ஊழியர் எந்த ஊரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாரோ, அந்த ஊர் ஆற்றைப் பற்றிக் காலையில் முதல் தகவல் அவர் கொடுக்க வேண்டும். எல்லாரும் குறிப்பு எடுத்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று வெளியே வந்து போனை எடுத்தபோதுதான் உன் வீட்டிலிருந்து அழைப்பு வந்திருந்ததைப் பார்த்தேன்.

இன்றைக்கு அந்தப் படத்தை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. உன் அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். என்னோடு அதிகம் பேசாத மனிதர்.

"எத்தனைம்மா, நாலா?"

"நாலுங்கப்பா."

இன்றைக்கும் அன்று போலத் திங்கட்கிழமைதான். "அப்ப வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரத்துக்கு. அது கணக்கு சரியா இருக்கும்" என்றார். 'அது' என்றால் நீ. உன் பெயரைச் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.

உடனே விடுப்புக்கு விண்ணப்பம் போட்டேன். காரணம் கேட்கிற கட்டத்தில் 'தண்ணீர் பார்க்க' என்று எழுதினேன். மேலாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: எத்தனை படி மேடம்?

தண்ணீர் கிளம்பிவிட்டது. அது எல்லா ஊரிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வர நான்கு நாள் ஆகும். பூதலூரில் ரயில் ஏறினால் எனக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் உன் பாலத்தில் இருப்பேன். உன் அப்பா சாப்பாடு எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வாய்க்காலில் இறங்கி, நம் நடுத்தூணுக்குப் பக்கத்தில் காய்ந்த மணலில் மேற்கே பார்த்து நிற்பேன். என் படியில் பார்த்த தண்ணீர் வந்து என் காலைத் தொடுகிறபோது, மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வேன்.